உடைந்த சாட்சிகள்

பெரம்பலூர்ப் பக்கத்துக் கட்சிக்காரர் ஒருவர் தம் நிலவழக்கு விஷயமாக நம்மைக் காண வந்தபோது, மேல்துண்டில் முடிந்து கொணர்ந்த கல்லொன்றை மேஜைமீது வைத்தார். ஆட்டுக்கடாவின் கொம்பைப்போல் சுருண்டு, சுருளின்மீது விலாவெலும்பு நிரை போன்ற வரிகள் ஓடிய கல் அது. ஏர்க்காலில் அகப்பட்டதாம். பஸ்ஸின் குலுக்கலில் அது மூன்றாகப் பிளந்திருந்தது. நமது குமாஸ்தா சுறுசுறுப்புள்ளவர். நாம் பத்திரங்களைப் புரட்டிக்கொண்டிருந்த நேரத்திற்குள் கடைத்தெருவுக்கு ஓடி, கணத்திற் பிடிக்கும் பசையொன்றை வாங்கிவந்து மூன்று துண்டுகளையும் ஒட்டி முடித்துவிட்டார். முதலிரண்டு துண்டுகளை மயிரிழை விலகலுடன் அவர் ஒட்டியமையால், மூன்றாவது துண்டு நுழைய இடமின்றித் துருத்திக்கொண்டு நின்றது. கோடி வருஷங்கள் பத்தைப் பொறுத்துக்கொண்ட பொருளுக்கு அரை மணி நேரத்தில் நம் வீட்டில் நேர்ந்த கதி இது.

அக்கல்லுக்கு அம்மோனைட் என்று பெயர். கணவாய் மீனுக்கு உறவான கடற்பிராணி ஒன்றின் ஓடு, மண்ணிற் புதைந்து கல்லாய்ப் போனது. காரை, ஊத்தத்தூர், அரியலூர் வட்டாரங்கள் சுமார் பத்துக் கோடி வருஷங்களுக்கு முன் கடலாயிருந்தன என்பதற்கு இத்தகைய ஓடுகளே சாட்சி. நேபாளத்துக் கண்டகி நதியில் கிடைக்கும் சாளக்கிராமமும் இவ்வினத்ததே. பின்னப்பட்ட விக்கிரகம் பூஜைக்கு ஆகாது என்போரும், பின்னப்பட்ட சாளக்கிராமத்திற்கு அந்தத் தோஷமில்லை என்பர். சாஸ்திரம் வகுத்தவர்கள் உடைந்த கல்லின் தன்மையை அறிந்தே விதிவிலக்குச் செய்தார்களோ என்று நினைக்கத் தோன்றுகிறது.

இந்தச் செல்வத்தை முதலில் மதித்தவர்கள் நம்மவர்கள் அல்லர் என்பதை வெட்கத்துடனேனும் ஒப்புக்கொள்ள வேண்டும். சென்னை ஸிவில் உத்தியோகஸ்தராயிருந்த கே என்பாரும் கன்லிப் என்பாரும் திரட்டிய கல்லோடுகளை எட்வர்ட் பார்பஸ் 1846-ல் லண்டனில் வருணித்துப் பிரசுரித்தார். பின்னர் இந்திய பூதத்துவ இலாகாவின் பிளான்பர்டு இப்பிரதேசத்தை அளந்து படமிட்டார். மொரேவியா தேசத்தில் பிறந்த ஸ்டோலிச்கா, கல்கத்தாவில் உட்கார்ந்து, தென்னாட்டு ஓடுகளைப்பற்றிப் பெரும் புத்தகங்கள் எழுதினார். சாத்தனூரில் கிடக்கும் 18 மீட்டர் நீளக் கல்மரத்தை 1940-ல் உலகறியச் செய்த எம்.எஸ். கிருஷ்ணன், பின்னர் அவ்விலாகாவின் முதல் இந்தியத் தலைவரானார்.

கண்டெடுப்பதோடு வேலை தீர்ந்துவிடுவதில்லை. பூமியிலிருந்து முழுமையாக வெளிவரும் எலும்பும் ஓடும் அபூர்வம். பெரும்பாலும் அவை சில்லாகவும் தூளாகவுமே வருகின்றன. அவற்றைச் சேர்த்து நிலைநிறுத்துவது தனியொரு தொழில். இத்தொழிலைச் செய்வோரின் பெயர் புத்தக அட்டையில் வருவதில்லை. ஆயினும் அவர்கள் கை தவறினால் புத்தகமே இல்லை.

தொழிலின் முதல் விதி பொறுமை. துண்டுகளைப் பசையில்லாமலே பலமுறை பொருத்திப் பார்த்து, எது முதலில், எது கடைசியில் என்று வரிசை வகுத்துக்கொண்ட பிறகே பசையைத் தொடவேண்டும். நம் குமாஸ்தா செய்த பிழை இங்கேதான். உடைந்த முகங்களை மென்மையான தூரிகையால் துடைக்க வேண்டும். அழுத்தித் தேய்த்தால் விளிம்பின் நுண்ணிய பற்கள் மழுங்கிப் பொருத்தம் கெடும். ஒட்டிய துண்டைக் கையில் பிடித்துக்கொண்டிராமல், மணல் நிரப்பிய தட்டில் சாய்த்து, பாரம் நேரே இணைப்பின்மீது இறங்குமாறு நிறுத்தி வைப்பர். மிச்சத்தைப் புவியின் ஈர்ப்பே செய்துவிடும்.

இரண்டாவது விதி, செய்ததை அழிக்கக் கூடியதாகச் செய்தல். முற்காலத்தில் வச்சிரப்பசையும் அரக்கும் வழங்கின. அரக்கு நாளடைவில் கறுத்து, சுருங்கி, எலும்பின் மேற்றோலையே உரித்துக்கொண்டு வரும். இக்காலத்தில் மியூசியங்களில் பெரிதும் வழங்குவது பாராலாய்ட் பி-72 என்னும் பிசின். அஸிடோன் என்ற திரவத்தில் இது கரையும். நீர்த்த கரைசலாக விட்டால் நொறுங்கும் எலும்பினுள் ஊறி அதனை உறுதிப்படுத்தும். கெட்டியாகக் கரைத்தால் பசையாகும். ஐம்பது வருஷங்களுக்குப் பின் ஒருவர் வந்து, 'முன்னோர் தவறாகப் பொருத்தினர்' என்று கண்டால், அதே அஸிடோனைக் கொண்டு பிரித்துவிடலாம். கடையில் விற்கும் எபாக்ஸிப் பசை இரும்பாய்ப் பிடிக்கும். ஆனால் பிரிக்க முற்பட்டால் கல் உடையுமேயன்றிப் பசை விடாது. பாரந் தாங்கும் பெரிய எலும்புகளுக்கன்றி அதனைக் கையாளுவதில்லை. தீர்ப்புக்கு அப்பீல் உண்டு என்று அறிந்த நியாயாதிபதி எப்படி எழுதுவாரோ, அப்படி ஒட்டவேண்டும்.

மூன்றாவது விதியே நமது வக்கீல் மனத்திற்கு மிகவும் உகந்தது. துண்டொன்று காணாமற் போயிருந்தால் அந்த இடத்தை நிரப்பலாம். ஆனால் நிரப்பியதை மறைத்தல் கூடாது. ஆறடி தூரத்திலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு உருவம் முழுமையாகத் தோன்றவேண்டும். ஆறங்குலத்தில் நெருங்கிப் பார்ப்பவருக்கு எது அசல், எது சேர்க்கை என்று விளங்கவேண்டும் என்பது காட்சிச்சாலைகளில் வழங்கும் கணக்கு. சேர்க்கையின் நிறத்தைச் சற்றே மங்கலாக விடுவது அதற்காகவே. என்ன பசை, எந்தத் தேதி, எவர் கை என்று எழுதி, பொருளோடு வைப்பர். பத்திரத்தில் அடித்தல் திருத்தலுக்கு ஓரத்தில் கையெழுத்திடுவதில்லையா? அது போன்றதே.

இவ்விதி மீறப்பட்டதன் விளைவுக்கு நல்ல உதாரணம் 1999-ல் அமெரிக்காவில் நடந்தது. சீன தேசத்து லியாவோனிங் மாகாணத்தில் அகப்பட்டதென்று கூறி, பறவையுடலும் டைனோசர் வாலும் கொண்ட ஆர்க்கியோராப்டர் என்னும் பிராணியைப் புகழ்பெற்ற பத்திரிகையொன்று பிரசுரித்தது. சீன விஞ்ஞானி ஷூ ஷிங், அந்த வாலின் மறுபாதி வேறொரு பிராணியின் உடலோடு ஒட்டியிருக்கக் கண்டார். வெவ்வேறு பிராணிகளின் துண்டுகளை விலைக்காக ஒன்றாய் ஒட்டி விற்ற வேலை அது. அந்த வாலுக்குரிய சிறு டைனோசர் தன்னளவிலேயே அபூர்வமானது என்பது பிறகு தெரிந்தது. உண்மையே போதுமானதாயிருந்தும் பொய் சேர்த்து இரண்டையும் கெடுத்தனர்.

ஒட்டினால் மட்டும் ஆகிவிடாது. வைக்கும் இடமும் வேண்டும். பெல்ஜியத்தில் பெர்னிஸார்ட் என்ற நிலக்கரிச் சுரங்கத்தில், 322 மீட்டர் ஆழத்தில், 1878-ல் இகுவானோடான் எலும்புக்கூடுகள் கூட்டமாக அகப்பட்டன. அவற்றினுள் படிந்திருந்த இரும்புக் கந்தகம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துப் பூத்து, எலும்பை உள்ளிருந்தே பிளந்தது. தலைமுறை தலைமுறையாகப் பிரஸல்ஸ் நகரத்தார் அவற்றோடு போராடி வந்திருக்கின்றனர். ஓடுகளுக்கு வேறு வியாதி. ஓக் முதலிய மரப்பெட்டிகளிலிருந்து எழும் புளிப்பாவி சுண்ணாம்பை அரித்து, மேலே வெண்பூப்புப் பூக்கச் செய்யும். இதனை ஆராய்ந்த பைன் என்பவர் கிருமியே காரணமென்று கருதினார். காரணம் பெட்டியே என்று பின்னர் துலங்கிற்று. ஓடுகளைப் பளபளப்பாக்க எலுமிச்சஞ்சாறோ காடியோ விடும் அன்பர்கள் இதனைக் கவனிப்பார்களாக.

இனி, இக்கட்டுரை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறோம். அரியலூர் ஜில்லாவில் கல்லமேடு என்னும் ஊர் இருக்கிறது. சார்லஸ் மேட்லி என்ற ஆங்கிலேயர் அதன் பக்கத்தில் டைனோசர் எலும்புகளை முன்னரே கண்டிருந்தார். 1980-களில் பூதத்துவ இலாகாவின் யாதகிரியும் அய்யாசாமியும் அங்கே பிரம்மாண்டமான எலும்புகளை வெளிக்கொணர்ந்து, பிருஹத்காயோசாரஸ் மேட்லேயி என்று பெயரிட்டனர். கணைக்கால் எலும்பு ஒன்றே இரண்டு மீட்டர் நீளமென்று எழுதினர். முதலில் ஊனுண்ணி என்று கருதப்பட்டது, நீண்ட கழுத்துடைய தாவர பட்சிணி என்று பிறர் பின்னர்க் கூறினர். அளவு மெய்யாயின், நூறு டன்னுக்கு மேற்பட்டு, பூமியில் நடந்த பிராணிகளிலெல்லாம் பெரியவற்றுள் ஒன்றாக அது இருந்திருக்கும்.

ஆயின் எலும்பு எங்கே? அது இல்லை. களிமண்ணில் ஈரத்தோடு கிடந்து, வெடிப்புற்றுப் பொருக்காய்ப் போயிருந்த எலும்பு அது. ஈரக் காகிதம் போர்த்து, பாரிஸ் சாந்தில் தோய்த்த சாக்குத் துணியால் கவசமிட்டுத் தூக்குவதே உலகெங்கும் உள்ள முறை, இங்கும் கவசமிட்டனர். கவசம் வெளிப்புறத்தையே தாங்கும்; உள்ளே எலும்பு தானாக நிற்கும் வலுவுற்றிருக்க வேண்டும். இலாகாவின் கட்டிடத்தை அடையுமுன்பே எலும்புகள் சிதைந்து அழிந்தன என்று 2017-ல் வெளியான செய்தி கூறிற்று. 2022-ல் அய்யாசாமியும் மற்றோர் ஆராய்ச்சியாளரும் பழைய புகைப்படங்களை வெளியிட்டனர். எஞ்சியிருப்பவை அப்படங்களும் பழைய வருணனையுமே. 'எலும்பே அன்று, கல்லான மரத்தண்டு' என்று சொன்ன வெளிநாட்டாரும் உண்டு. சாத்தனூரில் கல்மரத்தை வைத்துக்கொண்டிருக்கும் நாம், அந்தச் சந்தேகத்தை அசட்டை செய்வதற்கில்லை. மறுக்கவோ கையில் பொருளில்லை. மூல தஸ்தாவேஜு தொலைந்த வழக்கில் நகலைக் காட்டி வாதாடும் நிலைமைக்கு வந்துவிட்டோம்.

அந்த அதிகாரிகளைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. மழைக்காலத்தில், கிராமத்து வண்டிப்பாதையில், கைக்குக் கிடைத்ததைக்கொண்டு உழைத்தவர்கள் அவர்கள். அவர்களோடு, எலும்பைப் பதப்படுத்துவதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் இருந்தாரா என்பதே நமது கேள்வி. ஒப்பிட ஓர் உதாரணம் நம் நாட்டிலேயே உண்டு. மஹலனோபிஸ் நடத்திய கல்கத்தாப் புள்ளியியல் கழகத்தார், 1958 முதல் 1961 வரை கோதாவரிப் பள்ளத்தாக்கில் சுமார் முந்நூறு எலும்புகளைத் திரட்டினர். லண்டனிலிருந்து பமீலா ராபின்ஸன் அம்மையாரை வருவித்துத் தொழில் கற்றனர். ஆறு பிராணிகளுக்குக் குறையாத கூட்டத்தின் துண்டுகளிலிருந்து ஓர் உருவத்தைப் பொருத்தி நிறுத்தி, ரவீந்திரர் பெயரால் பாராபாசாரஸ் டாகோரை என்றழைத்தனர். சில பற்கள் தவிரத் தலை கிடைக்கவில்லை. அதுவும் ஒளிக்கப்படவில்லை.

அரியலூரில் சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டும் இயந்திரங்களின் வாயில் ஓடுகள் நாள்தோறும் அரைபடுகின்றன. தொழில் வேண்டாமென்று நாம் சொல்லோம். 1972-ல் இயற்றிய தொல்பொருட் சட்டம் மனிதர் கைபட்ட பொருளையே பிரதானமாகக் கருதி எழுதப்பட்டது. 2022-ல் சுரங்க அமைச்சகத்தார் பூகர்ப்பச் சின்னங்களுக்கென ஒரு மசோதாவின் நகலை வெளியிட்டனர். வாரணவாசியில் தமிழக அரசு பாஸில் காட்சிச்சாலை அமைத்திருப்பது மெச்சத்தக்கதே. அங்கே அலமாரிகளோடு ஓர் அறை, மணற்றட்டு, காற்றோட்டம், அஸிடோன், சம்பளம் பெறும் இருவர் வேண்டும். மழை விட்டதும் கல்லமேட்டு ஓடைக்கரையைச் சுற்றிவருவது அவர்கள் கடமையாகட்டும். சட்டசபைக்குச் செல்லும் நம் நண்பர்கள் இதனை மானியக் கோரிக்கையின்போது எழுப்புவார்களா?

நம் அம்மோனைட்டின் கதையைச் சொல்லி முடிக்கிறோம். கல்லூரியொன்றில் பூதத்துவம் போதிக்கும் அன்பரிடம் அதைக் கொண்டு சென்றோம். குமாஸ்தாவின் பசை அஸிடோனுக்கு இளகும் ஜாதியாயிருந்தது நம் பாக்கியம். இரண்டு நாள் ஊறி, மூன்று துண்டுகளும் விடுபட்டன. ஒரு விளிம்பில் நகக்கண்ணளவு சில்லு போயே போய்விட்டது. மீண்டும் ஒட்டியபோது அந்தக் குழியை அவர் நிரப்பாமலே விட்டார். கட்சிக்காரர் அதனைத் தடவிப் பார்த்து, "இது பஸ்ஸில் போனதா, இங்கே போனதா?" என்று கேட்டார். குமாஸ்தா தலைகுனிந்தார். "இங்கே" என்று சீட்டில் எழுதி, தேதியிட்டு, கல்லோடு கட்டிக் கொடுத்தோம்.