கட்டளை வரியில் சிக்கலான கோப்புப் பெயர்களைக் கையாளுதல்

கட்டளை வரியில் ஒரு கோப்பை நகலெடுக்கவோ, பெயர் மாற்றவோ, அழிக்கவோ அதன் பெயரைத் தட்டச்சு செய்தாக வேண்டும். பெயரின் நடுவில் இடைவெளி, தொடக்கத்தில் சிறுகோடு, இடையில் மேற்கோள் குறி அல்லது உடுக்குறி, கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால் கட்டளை பிழை காட்டி நின்றுவிடும்; அல்லது பிழை எதுவும் காட்டாமல் வேறொரு கோப்பின் மீது செயல்பட்டுவிடும். இரண்டாவதே ஆபத்தானது. கட்டளை வரியில் அழிக்கப்படும் கோப்பு குப்பைத் தொட்டிக்குப் போவதில்லை, அழித்தால் அழித்ததுதான்.

லினக்ஸ், மேக் கணினிகளில் உள்ள பாஷ் போன்ற ஷெல்களுக்குப் பொருந்தும் வழிகள் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன. கட்டளைகள் ஒலிக்கும் விதத்திலேயே தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன (ஆர்எம், எம்வி, எல்எஸ்). முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். குறிகளும் எண்களும் உள்ளபடியே இடப்பட வேண்டும்.

சிக்கலின் வேர்

பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1969 முதல் உருவாக்கிய யுனிக்ஸ் இயங்குதளம், கோப்புப் பெயருக்கு மிகக் குறைந்த கட்டுப்பாடுகளையே விதித்தது. சாய்கோடும் (/), மதிப்பு 0 கொண்ட பைட்டும் மட்டும் பெயரில் வரக்கூடாது. மற்ற எதுவும் வரலாம். ஒரு பெயரின் நடுவில் புதிய வரிக்குறிகூட வரலாம்! ஆனால் ஷெல், இடைவெளியைச் சொற்களைப் பிரிக்கும் குறியாகக் கொள்கிறது. கோப்பு முறைமை ஏற்கும் பெயரை ஷெல் வேறு விதமாகப் புரிந்துகொள்கிறது. எல்லாச் சிக்கலும் இங்கிருந்தே தொடங்குகிறது.

எனவே மாணவர்கள் ஒன்றை நினைவில் கொள்வது நல்லது. தட்டச்சு செய்யப்பட்ட பெயரை முதலில் படிப்பது ஷெல். அதன் பிறகே ஆர்எம், எம்வி போன்ற கட்டளைகள் படிக்கின்றன. இடைவெளியும் உடுக்குறியும் ஷெல்லைக் குழப்புபவை. தொடக்கச் சிறுகோடு கட்டளையைக் குழப்புவது. எந்த நிலையில் குழப்பம் என்று தெரிந்தால் மருந்து எது என்பதும் தெரிந்துவிடும்.

ஷெல்லைக் குழப்பும் பெயர்கள்

“தேர்வு முடிவு” என்று ஒரு கோப்பு இருப்பதாகக் கொள்வோம்.

ஆர்எம் தேர்வு முடிவு

என்று தட்டச்சு செய்தால், “தேர்வு”, “முடிவு” என்னும் இரு கோப்புகளை அழிக்கச் சொன்னதாகவே ஷெல் கொள்ளும். அப்படி இரு கோப்புகள் உண்மையிலேயே இருந்தால் அவை அழிந்துவிடும். அழிக்க நினைத்த கோப்பு அப்படியே இருக்கும். சரியான வடிவங்கள் இரண்டு:

ஆர்எம் 'தேர்வு முடிவு'
ஆர்எம் தேர்வு\ முடிவு

ஒற்றை மேற்கோளுக்குள் இருப்பது அனைத்தையும் ஷெல் எழுத்துக்கு எழுத்து அப்படியே ஏற்கும். இரட்டை மேற்கோளுக்குள் டாலர் குறி, பின்சாய்கோடு போன்ற சிலவற்றுக்குத் தனிப்பொருள் நீடிக்கும். ஆகவே ஒற்றை மேற்கோளே பாதுகாப்பானது. பெயரிலேயே ஒற்றை மேற்கோள் இருந்தால் மட்டும் இரட்டை மேற்கோளை நாடலாம்: "வகுப்பு '24".

“*” என்பதையே பெயராகக் கொண்ட கோப்பு தவறுதலாக உருவாகிவிடுவது உண்டு. அதை நீக்க ‘ஆர்எம் *’ என்று தட்டினால் அந்தக் கோப்புறையின் கோப்புகள் அனைத்தும் போய்விடும். ‘ஆர்எம் '*'’ என்பது அந்த ஒன்றை மட்டும் நீக்கும். இரண்டு மேற்கோள் குறிகளுக்கு இவ்வளவு மதிப்பு.

இதன் விலையைப் பெரிய நிறுவனங்களும் கொடுத்துள்ளன. 2001 நவம்பரில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட ஐடியூன்ஸ் 2 மென்பொருளின் நிறுவல் நிரல், பழைய பதிப்பை நீக்கும் வரியில் வட்டின் பெயரை மேற்கோளுக்குள் இடவில்லை. வட்டின் பெயரில் இடைவெளி இருந்த கணினிகளில் அந்தப் பாதை இரண்டாக உடைந்து, முதல் பாதி வேறு வட்டைச் சுட்டியது. சிலருடைய வட்டுகளின் தரவுகள் அழிந்தன. ஆப்பிள் அந்தப் பதிப்பை உடனே திரும்பப் பெற்று, திருத்திய பதிப்பை வெளியிட்டது. நிரல் எழுதுவோர் மாறியை எப்போதும் இரட்டை மேற்கோளுக்குள் இட வேண்டும் என்று வலியுறுத்தப்படுவது இதனால்தான்.

அன்றாட வேலைக்கு இவ்வளவு விதிகளும் தேவைப்படுவதில்லை. பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டிவிட்டு டேப் விசையை அழுத்தினால், தேவையான பின்சாய்கோடுகளுடன் ஷெல்லே பெயரை நிரப்பிவிடும்.

சிறுகோட்டில் தொடங்கும் பெயர்கள்

“-குறிப்பு” என்னும் கோப்பை நீக்க முயன்றால் தவறான தெரிவு என்று ஆர்எம் கட்டளை பிழை காட்டும். உடனே பலரும் செய்வது பெயரை மேற்கோளுக்குள் இடுவது. அது பயன் தராது. மேற்கோள் குறிகளை ஷெல் அகற்றிவிட்டுத்தான் பெயரைக் கட்டளையிடம் ஒப்படைக்கிறது. ஆர்எம் காண்பது மீண்டும் சிறுகோட்டையே. இதற்கு இரு வழிகள் உண்டு:

ஆர்எம் -- -குறிப்பு
ஆர்எம் ./-குறிப்பு

இரட்டைச் சிறுகோடு ‘இத்துடன் தெரிவுகள் முடிந்தன, இனி வருபவை பெயர்கள்’ என்று அறிவிக்கிறது. இரண்டாம் வழியில் ‘இந்தக் கோப்புறையில் உள்ள’ என்னும் பொருள் தரும் ./ முன்னால் சேர்வதால், பெயர் சிறுகோட்டில் தொடங்குவதே இல்லை. எல்லாக் கட்டளைகளும் இரட்டைச் சிறுகோட்டை ஏற்பதில்லை என்பதால் இரண்டாம் வழியே மேலானது. லினக்ஸில் உள்ள குனூ ஆர்எம், பிழைச் செய்தியிலேயே இந்த வழியைச் சொல்லித் தருகிறது.

“-ஆர்எஃப்” என்று பெயரிட்ட கோப்பு ஒன்று கோப்புறைக்குள் இருந்தால் நிலைமை மோசமாகும். ‘ஆர்எம் *’ என்னும்போது உடுக்குறியை ஷெல் கோப்புப் பெயர்களாக விரிக்கிறது. அவற்றுள் இந்தப் பெயர் மட்டும் தெரிவாக எடுத்துக்கொள்ளப்படும். விளைவு, உட்கோப்புறைகளும் ஒரு கேள்வியும் கேட்கப்படாமல் அழியும். ‘ஆர்எம் ./*’ என்று எழுதினால் இந்த விபத்து நேராது.

தட்டச்சு செய்ய இயலாத பெயர்கள்

பெயரின் இறுதியில் இடைவெளி உள்ளதா என்பது வெறும் பார்வைக்குத் தெரியாது. ‘எல்எஸ் -பி’ (சிறிய எழுத்தில்) அத்தகைய எழுத்துகளைப் பின்சாய்கோட்டுடன் காட்டும். 2016 இல் வெளியான குனூ கோர்யூட்டில்ஸ் 8.25 முதல், சிக்கலான பெயர்களை எல்எஸ் தானாகவே மேற்கோளுக்குள் காட்டுகிறது.

பெயரைத் தட்டவே முடியாதபோது எண்ணைப் பயன்படுத்தலாம். கோப்பு முறைமை ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோட் என்னும் எண்ணை வைத்துள்ளது. ‘எல்எஸ் -ஐ’ அதைக் காட்டும். அந்த எண் 131077 எனில்:

ஃபைண்ட் . -மேக்ஸ்டெப்த் 1 -ஐநம் 131077
ஃபைண்ட் . -மேக்ஸ்டெப்த் 1 -ஐநம் 131077 -டெலீட்

முதல் வரி கோப்பைக் காட்ட மட்டும் செய்யும். சரியான கோப்புதான் என்று உறுதியான பிறகே இரண்டாம் வரி. -டெலீட் என்பது கட்டாயம் கடைசியில் வர வேண்டும். எண்ணுக்கு முன்பே அதை எழுதினால், எண் சரிபார்க்கப்படும் முன்பே எல்லாம் அழிக்கப்படும்.

தமிழில் பெயரிடும்போது

லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் பெயரின் நீளம் 255 பைட்டுகளுக்குள் அடங்க வேண்டும். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டுகள். “மாணவர்” என்னும் சொல்லில் துணைக்காலும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் மொத்தம் 6 குறியீடுகள், 18 பைட்டுகள். ஆக, ஒரு தமிழ்ப் பெயருக்கு 85 குறியீடுகளே உச்சம். கட்டுரைத் தலைப்பை முழுமையாகக் கோப்புக்குச் சூட்டுபவர்கள் இந்த எல்லையில் முட்டுவார்கள். இதே காரணத்தால், ஓர் எழுத்தைக் குறிக்கும் கேள்விக்குறி “கை” என்பதற்குப் பொருந்தாது. இரண்டு கேள்விக்குறிகள் வேண்டும்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. “கோவில்” என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியீடாகவும் (பதின்ம எண் 3019) இடலாம். இரட்டைச் சுழிக்கொம்பு (3015), துணைக்கால் (3006) என இரண்டாகவும் இடலாம். திரையில் வேறுபாடு தெரியாது. ஆனால் பைட்டுகள் வேறு என்பதால் லினக்ஸ் இவற்றை இரு வேறு கோப்புகளாகவே கொள்ளும். மேக் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ்+ முறைமை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. அங்கிருந்து வரும் கோப்பைப் பெயர் சொல்லி அழைத்தால் ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று லினக்ஸ் சொல்வது இதனால்தான். கன்வ்எம்வி என்னும் கருவி, ‘--என்எஃப்சி’ தெரிவுடன் இத்தகைய பெயர்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும். ‘--நோடெஸ்ட்’ என்று சேர்க்காதவரை அது என்ன செய்யப்போகிறது என்பதை மட்டும் காட்டும், எதையும் மாற்றாது.

ஒளகாரக் குழப்பத்தை எந்தக் கருவியாலும் இப்படித் தீர்க்க முடியாது. “கௌரி” என்பதற்குப் பதிலாக ஒற்றைக் கொம்புடன் ளகர எழுத்தைச் சேர்த்து “கெளரி” என்று தட்டுவது பரவலாக உள்ளது. கணினிக்கு அது வேறு சொல். ‘கெ’, ‘ள’, ‘ரி’ என மூன்று எழுத்துகள். இந்த வகைப் பெயர்களை எம்வி கட்டளையால் ஒவ்வொன்றாகத் திருத்தலாம்.