வீட்டுக்கு ஏற்ற ஒயின் கிளாஸ்

வீட்டில் எப்போதாவது ஒயின் பருகுவோர் ஐரோப்பிய ஆடம்பரக் கண்ணாடியைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஒயின் கிளாஸின் அகன்ற வயிறு பானத்தின் மணத்தை எழுப்ப, சற்றுக் குறுகிய வாய் அதைச் சிதறவிடாமல் மூக்கருகே தேக்குகிறது. உள்ளங்கைச் சூடு பானத்தில் ஏறாதிருக்கவே அடியில் தண்டு அமைந்துள்ளது. பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பு 1977இல் சுவை தேர்வோருக்கென வரையறுத்த, ஏறத்தாழ 215 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு கிளாஸ் இவ்வடிவத்தையே கொண்டது. சிவப்பு, வெள்ளை இரண்டுக்கும் அந்த ஒன்றே போதும்.

மணல், சோடா சாம்பல், சுண்ணாம்புக்கல் ஆகியவற்றை உருக்கிச் செய்யும் சாதாரணக் கண்ணாடி விலை குறைந்தது. உத்தரப் பிரதேசத்து ஃபிரோசாபாத் கண்ணாடித் தொழிலின் பெரிய இந்திய மையம். மினுமினுப்புக்காக ஈய ஆக்சைடு கலந்த பழைய வகைக் கிரிஸ்டலில் பானம் நெடுநேரம் தங்கினால் ஈயம் அதில் கசியும். ஆகவே ஈயம் கலவாததா என்று கடையில் கேட்டறிந்து, விளிம்பு மெல்லியதாகவும் பிசிறின்றியும் இருப்பதை விரலால் தடவிப் பார்த்த பின்னரே வாங்குங்கள்.