குரங்கு மனிதனானதை யார் பார்த்தது?

2018-ம் ஆண்டு ஜனவரி மாதம். மராட்டிய மாநிலத்தில் ஒரு மாநாடு. "டார்வின் கொள்கை தவறு" என்று பேசினார், அப்போதைய மத்திய ராஜாங்க மந்திரி சத்யபால் சிங். குரங்கு மனிதனாக மாறியதை நம் முன்னோர் யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை; பாடத்தை மாற்ற வேண்டும் என்பது அவர் வாதம்.

நாட்டின் 3 விஞ்ஞானக் கழகங்கள் கூட்டாக மறுப்பு வெளியிட்டன. பரிணாமப் பாடத்தை நீக்குவதும், புராணக் கதைகளைச் சேர்த்து அதை நீர்த்துப் போகச் செய்வதும் பிற்போக்கான செயல் என்று அவை எச்சரித்தன.

இன்றைய குரங்கு மனிதனாயிற்று என்று விஞ்ஞானம் சொல்லவில்லை. இரண்டுக்கும் மூதாதை ஒன்றே என்கிறது. அதைப் பார்க்க ஓர் ஆயுள் போதாது. ஆனால் டி.டி.டி. தெளித்தும் சாகாத கொசுவைப் பார்த்திருக்கிறோம். மருந்தைத் தாங்கியவை மட்டும் பிழைத்துப் பெருகின. அதுவும் பரிணாமமே.

இரண்டும் வேண்டுமா?

"இரண்டையும் சொல்லிக் கொடுத்தால் என்ன? பிள்ளைகளே முடிவு செய்யட்டுமே" என்பார்கள் சிலர். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலம் 1981-ல் இதைச் சட்டமாகவே போட்டது. பரிணாமம் நடத்தினால், படைப்புக் கொள்கைக்கும் சம இடம் தர வேண்டும்!

எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனவர்களில் பலர் பாதிரியார்கள், பிஷப்புகள்! 1982 ஜனவரியில் நீதிபதி வில்லியம் ஓவர்ட்டன் சட்டத்தை ரத்து செய்தார். சோதித்துப் பார்க்கக் கூடியதே விஞ்ஞானம். இது மதம் என்றார். லூசியானா மாநிலத்தின் இதே போன்ற சட்டத்தை 1987-ல் சுப்ரீம் கோர்ட்டு தள்ளியது.

காணாமல் போன பாடம்

நம் நாட்டில் அப்படிச் சட்டம் வரவில்லை. பாடம் வேறு வழியில் போயிற்று. 2022-ல் மாணவர் சுமையைக் குறைப்பதாகக் கூறி, 10-ம் வகுப்பு மத்திய விஞ்ஞானப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதியை எடுத்தார்கள். 2023 ஏப்ரலில் 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் அதைத் திரும்பச் சேர்க்கும்படி கையெழுத்திட்டனர்.

12-ம் வகுப்பு உயிரியலில் பாடம் நீடித்தது உண்மை. ஆனால் 10-ம் வகுப்புக்குப் பின் காமர்ஸ் எடுக்கும் பிள்ளை அந்தப் புத்தகத்தைத் தொடப் போவதில்லை. டெல்லியிலும் மும்பையிலும் மத்திய போர்டு பள்ளிகளுக்குப் போகும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இதே கதிதான்.

கோவிலில் டார்வினைப் பற்றிப் பேசும்படி யாரும் கேட்பதில்லை. பக்திக்கு அங்கே இடம் இருக்கிறது. வகுப்பில் ஒரு சிறுவன் எழுந்து, "மருந்து அடித்தும் கொசு ஏன் சாகவில்லை, சார்?" என்று கேட்பான். பதில் சொல்ல ஆசிரியர் கையில் அந்தப் பக்கம் இருக்க வேண்டும்.