மருள் இனத் தொட்டிச் செடிகளும் அவற்றின் சரியான பெயர்களும்

1998-ம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் கார் உற்பத்தி ஆரம்பமானது முதல், ஸ்ரீபெரும்புதூர் தொடங்கி ஒரகடம் வரை தொழிற்சாலைகள் பல ஏற்பட்டுள்ளன. அவற்றின் காரியாலயங்களிலும் அருகிலுள்ள குடியிருப்புகளிலும் தொட்டிச் செடிகள் வைக்கப்படுகின்றன. நிழலும் கிணற்று நீரும் உடைய நிலச் சொந்தக்காரர்கள் இவற்றை வளர்த்து உபவருமானம் பெறலாம். ஆனால் செடியின் பெயரைத் திட்டமாய் அறியாமல் இத்தொழிலில் இறங்குவோர் நஷ்டமடைவர். இதற்கு மருள் இனமே தக்க உதாரணமாகும்.

மருள் நமக்குப் புதிதன்று. மரல் என்றும் வழங்கும் இச்செடியின் நாரைக் கொண்டு முற்காலத்தில் வில்லுக்கு நாண் திரித்தனர். சோழமண்டலக் கரையின் தாவரங்களை ஆராய்ந்த வில்லியம் ராக்ஸ்பர்க் இதனை இலங்கைச் செடியெனக் கருதி, 'ஜெய்லானிகா' என்ற பெயரால் வருணித்தார். அது வேறு வகை எனக் கண்டு, 1829-ல் ஷூல்டெஸ் என்னும் தந்தையும் மகனும் இதற்கு 'ராக்ஸ்பர்கியானா' என்று பெயரிட்டனர். கற்றறிந்தோரும் தவறக்கூடிய இனம் இது என்பது இதனால் விளங்கும்.

கடைகளில் இவ்வினம் முழுதும் 'ஸ்நேக் பிளாண்ட்' என்ற ஒரே பெயரால் விற்கப்படுகிறது. வகைகளைப் பின்வருமாறு பிரித்தறியலாம்.

1. நாட்டு மருள்: இலை குறுகியது, மேற்புறம் வாய்க்கால் போல் குழிந்தும், அடிப்புறம் உருண்டும் இருக்கும்.

2. டிரைஃபேசியேட்டா: மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. இலை தட்டையாய், வாள் போல் நிமிர்ந்து, குறுக்குப் பட்டைகளுடன் இருக்கும்.

3. 'லாரென்டி': மேற்சொன்னதில் இலை விளிம்பு மஞ்சளாயுள்ள வகை.

4. 'ஹானி': 1939-ல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் தோன்றிய குட்டை வகை. இலைகள் கிண்ணம் போல் அடுக்காய் அமையும்.

இவற்றுள் லாரென்டியைப் பெருக்குவதில்தான் பலர் ஏமாறுகின்றனர். இலையை வெட்டி மணலில் நட்டால் வேர் விடும், முளையும் எழும். ஆனால் அம்முளையில் மஞ்சள் விளிம்பு இராது. லாரென்டியின் இலையில் மஞ்சளும் பச்சையும் தனித்தனித் திசுக்களாய் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இலைத் துண்டிலிருந்து எழும் முளை பச்சைத் திசுவினின்றே தோன்றுவதால் சாதாரணப் பச்சை வகையே கிடைக்கும். அதனை லாரென்டி என விற்றால் வாங்கியவர் திருப்பி அனுப்புவார். விற்றவரின் நாணயமும் கெடும். ஆகையால் பக்கக்கன்றுகளை நிலத்தடித் தண்டுடன் பிரித்து நடுவதே இதற்குரிய முறை.

மற்றொரு விஷயமும் கவனிக்கத்தக்கது. முன்னர் சான்செவேரியா எனப்பட்ட இவ்வினத்தை, மரபணு ஆராய்ச்சியின் பயனாகத் தாவர சாஸ்திரிகள் டிரசீனா இனத்துடன் சேர்த்துள்ளனர். டிரைஃபேசியேட்டாவின் பெயர் 2017-ல் இவ்வாறு மாறியது. ஆகவே 'சான்செவேரியா டிரைஃபேசியேட்டா' என்பதும் 'டிரசீனா டிரைஃபேசியேட்டா' என்பதும் ஒரே செடியாகும். புதுப் பெயரைக் கண்டு புதுச் செடியென நம்பி அதிக விலை கொடுத்தல் வீண் செலவு.

செடி வாங்குவோர் பெயரைக் கேட்பதுடன் இலையையும் பார்த்தே வாங்குக. தாய்ச்செடி ஒவ்வொன்றுக்கும் சீட்டுக் கட்டி, அதில் இனப்பெயர், வகைப்பெயர், வாங்கிய தேதி, பெருக்கிய முறை ஆகியவற்றைக் குறித்து வைத்தல் அவசியம். கிராம அதிகாரிகளும் தத்தம் ஊரில் நாற்றுப் பண்ணை தொடங்குவோருக்கு இவற்றை எடுத்துரைத்தால், முதலீடு வீணாகாமல் தடுக்கலாம்.