கூத்து வேஷக்காரரும் அவர் பின்னால் போகும் ரசிகர்களும்

பாலக்கோடு, மாரண்டஹள்ளி, காரிமங்கலம், பென்னாகரம் வட்டாரங்களில் திரௌபதியம்மனுக்குப் பாரத விழா எடுத்தால் கூத்து இல்லாமல் அது நிறைவுபெறாது. பகலில் பிரசங்கியார் பாரதம் படிப்பார். இரவில் மத்தளமும் முகவீணையும் ஆர்மோனியமும் தொடங்கினால் விடியும்வரை ஓயாது. இத்தாலிய ஆப்பெராவைப் போலவே இங்கும் கதையைப் பாட்டுத்தான் நடத்திச் செல்கிறது. வேஷக்காரர் தானே பாட வேண்டும், ஆட வேண்டும், வசனமும் பேச வேண்டும். அதனால் ரசிகரின் பற்று முதலில் குரலின்மீதுதான் விழுகிறது.

அந்தப் பற்றை வேஷக்காரர் ஆடுகளமான களரிக்குள் நுழையும் கட்டத்தில் நன்றாகப் பார்க்கலாம். இரண்டு பேர் ஒரு துணித்திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். திரைக்குப் பின்னாலிருந்து உச்ச ஸ்தாயியில் விருத்தம் எழும். கிரீடத்தின் நுனியும் சலங்கை கட்டிய காலும் தவிர வேறெதுவும் தெரியாது. முகம் தெரியும் முன்பே, முதல் இழுப்பிலேயே, இன்று பாடுவது யார் என்று பழைய ரசிகர் சொல்லிவிடுவார். பின்பாட்டுக்காரர்கள் அடியை வாங்கித் திருப்பிப் பாடும்போது குரல் எங்கே தழுதழுக்கிறது, எங்கே தாளம் தப்புகிறது என்பதும் அவருக்குத் தெரியும். கதை எல்லோரும் அறிந்தது. கர்ணன் சாவான் என்பதும் தெரியும். எப்படிப் பாடிச் சாகிறான் என்பதற்காகத்தான் விழித்திருக்கிறார்கள்.

ஒரு வேஷக்காரரின் வளர்ச்சி பெரும்பாலும் பெண் வேஷத்தில் தொடங்கும். குரல் உடையாத வயதில் திரௌபதியாகவோ சுபத்திரையாகவோ நின்றவர், பிறகு அபிமன்யுவாகி, உடலும் குரலும் முற்றியபின் கர்ணனுக்கும் துரியோதனனுக்கும் வருவார். தோளிலும் தலையிலும் ஏறும் மரக்கட்டை அணிகளின் கனத்தோடு இரவு முழுக்கப் பாட வேண்டிய வேஷங்கள் அவை. துகிலுரிதலில் சிறுவனாக அழுதவரைப் பார்த்த அதே ரசிகர், பல ஆண்டுகள் கழித்து அவரைப் படுகளத்துத் துரியோதனனாகவும் பார்க்கிறார். இத்தனை நீண்ட உறவு சினிமா ரசிகருக்குக்கூட எளிதில் கிடைப்பதில்லை.

எந்த இரவில் எந்தக் கூத்து என்பதும் முக்கியம். விழா நோட்டீசில் வரிசை அச்சாகியிருக்கும்: பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர். தபசன்று அர்ச்சுனன் வேஷக்காரர் உயரமான கம்பத்தில் பாடியபடியே ஏறி, மேலிருந்து எலுமிச்சையும் விபூதியும் வீசுவார். கீழே பெண்கள் மடியேந்தி நிற்பார்கள். அந்த இரவில் அவர் அவர்களுக்கு நடிகர் அல்ல.

மிலான் நகரின் லா ஸ்காலா ஆப்பெரா அரங்கு ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 7 அன்று பருவத்தைத் தொடங்கும். யார் எப்போது பாடுவார் என்பது பல மாதங்களுக்கு முன்பே பட்டியலாக வந்துவிடும். கூத்து ரசிகருக்கு அப்படி முன்கூட்டியே பட்டியல் இல்லை. ஊர்ப் பெரியவர்கள் கூத்துக் குழுவான ஜமாவுக்கு வெற்றிலை பாக்கு வைத்து முன்பணம் கொடுத்தபின்தான் தேதி உறுதியாகும். கோடைகால விழாக்களில் கூத்து குவியும். மழை தொடங்கியதும் குறையும். அந்த இடைவெளியில் வேஷக்காரர்கள் ஜமா மாறுவதும் உண்டு. ஆகவே யார் எந்த ஜமாவில் இருக்கிறார் என்று டீக்கடையிலும் சந்தையிலும் விசாரிப்பதே ரசிகரின் வேலையாக இருந்தது. இப்போது கைபேசியில் நோட்டீசின் படம் வந்துவிடுகிறது. பல கூத்துகள் யூடியூபிலும் கிடைக்கின்றன.

பாராட்டும் களரியிலேயே நடக்கும். ரூபாய் நோட்டை வேஷக்காரரின் சட்டையில் குத்துவார்கள். கொடுத்தவரின் பெயரையும் ஊரையும் தொகையையும் உரக்கச் சொல்வார்கள். லா ஸ்காலாவின் மேல்மாடி ரசிகர்கள் இதற்கு நேர் எதிர்: 2006 டிசம்பரில் அவர்கள் கூச்சலிட்டதால் பாடகர் ராபர்ட்டோ அலாக்னா ஐடா ஆப்பெராவின் நடுவிலேயே மேடையைவிட்டு வெளியேறினார். கூத்து ரசிகருக்குப் பிடிக்கவில்லையென்றால் பாயை விரித்துப் படுத்துவிடுவார்.

வட தமிழ்நாட்டில் புரிசை கண்ணப்பத் தம்பிரானைப் போன்ற ஆசிரியர்களால் கூத்து நகரத்து நாடகக்காரர்களையும் எட்டியது. 1990-இல் காஞ்சிபுரம் பகுதியில் கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபாலும் ஆய்வாளர் ஹன்னே டி ப்ரூயினும் மற்றக் கலைஞர்களோடு சேர்ந்து கட்டைக்கூத்துச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதன் குருகுலத்தில் சிறுமிகளும் பயின்று, ஆண்கள் மட்டுமே கட்டிவந்த ராஜ வேஷங்களைக் கட்டினார்கள்.