பாதி முகமும் பழைய மண்டை ஓடும்

செஞ்சியில் நான் சிறிய டி.டி.பி. சென்டர் நடத்தி வருகிறேன். ஒருமுறை ஓர் அம்மா, மறைந்த கணவரின் பழைய ஸ்டுடியோ போட்டோவைக் கொண்டு வந்தார்கள். முகத்தின் ஒரு பக்கத்தைக் கரையான் அரித்திருந்தது. ஸ்கேன் செய்து, நல்ல பாதியைக் காப்பி எடுத்து, இடவலமாகத் திருப்பி ஒட்டிவிட்டேன். பத்து நிமிட வேலை. பிரிண்டைப் பார்த்த அந்த அம்மா, "தம்பி, நல்லாத்தான் இருக்கு. ஆனா இவரு எங்க வீட்டுக்காரரு இல்லப்பா" என்றார்கள். அரித்துப்போன பக்கத்துப் புருவத்தில் அவருக்கு ஒரு வெட்டுத் தழும்பு இருந்ததாம். அது எனக்கு எப்படித் தெரியும்?

டி.வி.யிலும் இன்டர்நெட்டிலும் நாம் பார்க்கும் டைனோசர் தலைகள் பலவும் இப்படி உருவானவைதான். மண்ணுக்குள் இருந்து முழு மண்டை ஓடு கிடைப்பது அபூர்வம். ஒரு பக்கம் மட்டும் கிடைத்தால், அதைக் கம்ப்யூட்டரில் திருப்பி மறுபக்கமாக வைக்கிறார்கள். இரண்டு பக்கமும் இல்லாத எலும்புக்கு, நெருங்கிய உறவு விலங்கின் எலும்பைப் பார்த்து நிரப்புகிறார்கள். பாறையின் எடையில் நசுங்கியிருந்தால், திருப்பும்போது அந்தக் கோணலும் சேர்ந்தே வரும். அதை நிமிர்த்தத் தனி சாப்ட்வேர்கள் உள்ளன.

இதில் பெரிய உதவி சி.டி. ஸ்கேன். ஆஸ்பத்திரியில் எடுப்பார்களே, அதே வகைதான். பிரெட் துண்டுகளைப் போல நூற்றுக்கணக்கான படங்கள் வரும். அவற்றை அடுக்கினால் முப்பரிமாண உருவம் கிடைத்துவிடும், எலும்பை உடைக்க வேண்டியதில்லை. 2008ல் அமெரிக்காவின் ஒஹாயோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரன்ஸ் விட்மரும் ரயன் ரிட்ஜ்லியும், உடலெல்லாம் எலும்புக் கவசம் கொண்ட ஆங்கிலோசர் வகை டைனோசர்களின் மண்டை ஓடுகளை இப்படி ஆராய்ந்தார்கள். மூக்கிலிருந்து போகும் காற்றுப்பாதை உள்ளே சுருண்டு வளைந்திருப்பது தெரிந்தது. இது யூகமல்ல. எலும்புக்குள்ளேயே இருந்த தகவல்.

தகவல் போதாதபோது என்ன ஆகும் என்பதற்கு நம் அரியலூர்ப் பகுதியே உதாரணம். அங்குள்ள பாறைகள் ஒரு காலத்தில் கடலடியில் படிந்தவை. அங்கே கிடைத்த சில எலும்புகளை வைத்து, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் 1979ல் ஒரு புதிய விலங்கை அறிவித்தார்கள். முதுகில் தகடுகள் கொண்ட ஸ்டெகோசர் வகை டைனோசர் என்றார்கள். பெயர் திராவிடோசாரஸ். ஆதாரங்களில் முக்கியமானது மண்டை ஓட்டின் ஒரு பகுதி.

1996ல் சங்கர் சாட்டர்ஜியும் ருத்ராவும் இதை மறுத்தார்கள். இவை அரிக்கப்பட்டுச் சிதைந்த ப்ளீசியோசர் எலும்புகள் என்பது அவர்கள் வாதம். ப்ளீசியோசர் டைனோசரே அல்ல, துடுப்பு போன்ற கால்களால் நீந்திய கடல் ஊர்வன. விவாதம் அதோடு ஓயவில்லை. ஸ்டெகோசர் என்று நம்பி அந்த மண்டை ஓட்டின் விடுபட்ட பகுதிகளை ஒருவர் கம்ப்யூட்டரில் நிரப்பியிருந்தால், ஸ்டெகோசர் தலை அழகாகவே வந்திருக்கும். அது ப்ளீசியோசராக இருந்தால், நிரப்பியது அத்தனையும் தப்பு. கம்ப்யூட்டர் எந்த எரர் மெசேஜும் காட்டாது!

அதனால் நல்ல ஆய்வுக் கட்டுரைகளில் கிடைத்த எலும்பை ஒரு நிறத்திலும் நிரப்பியதை வேறு நிறத்திலும் காட்டுகிறார்கள். ஒரே நிறத்தில் பளபளவென்று தலை மட்டும் இருந்தால், இதில் எவ்வளவு எலும்பு என்று தேடிப் பாருங்கள்.

உங்கள் கம்ப்யூட்டரிலேயே இதைச் சோதிக்கலாம். நேராகப் பார்க்கும் உங்கள் போட்டோவை பெயிண்ட் புரோகிராமில் திறந்து, முதலில் 'சேவ் அஸ்' கொடுத்து வேறு பெயரில் சேமியுங்கள் (ஒரிஜினலைக் கெடுத்துக்கொண்டு எனக்குக் கடிதம் போடாதீர்கள்). முகத்தின் வலப் பாதியை செலக்ட் செய்து, காப்பி, பேஸ்ட் கொடுங்கள். ஒட்டிய துண்டை 'பிளிப் ஹரிசாண்டல்' செய்து இடப் பக்கத்தில் பொருத்துங்கள். இடப் பாதியை வைத்தும் இதேபோல் இன்னொரு படம் செய்யுங்கள். இரண்டையும் அருகருகே வைத்தால் அண்ணன் தம்பி போலத் தெரிவார்கள். இரண்டுமே நீங்கள் இல்லை.

அந்த அம்மாவின் மகன் மறுவாரம் அப்பாவின் பழைய அடையாள அட்டையைத் தேடிக் கொண்டுவந்தார். ஸ்டாம்ப் அளவுப் படம், ஆனால் தழும்பு தெரிந்தது. அதை ஸ்கேன் செய்து புருவத்தில் சேர்த்துக் கொடுத்தேன். அந்த அம்மா வாங்கிக்கொண்டார்கள்.