தடையில்லாக் கம்பியில் மின்சாரத்துக்கு யார் வழிகாட்டுவது?

பெங்களூர் ஆஸ்டின் டவுன் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் தெருவைக் கேபிளுக்காகத் தோண்டி மூடி, மறுபடியும் தோண்டுகிறார்கள். மீக்கடத்திக் கேபிள் போட்டால் இந்தத் தொல்லை தீருமா?"

கடுங்குளிரில் தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள்தான் மீக்கடத்தி. அதில் செய்த கேபிளை ஜெர்மனியின் எஸ்ஸன் நகரம் 2014-லேயே போட்டுவிட்டது. நகர மையத்தின் அடியில் 1 கிலோமீட்டர் நீளம்; வெறும் 10,000 வோல்ட்டில் 40 மெகாவாட் வரை கொண்டுபோகக் கூடியதாக இருந்தது. அந்த அளவு மின்சாரத்துக்கு அங்கே வழக்கமாக 1,10,000 வோல்ட் கேபிள்தான் போடுவார்கள். உள்ளே திரவ நைட்ரஜன் ஓடி, கம்பியை மைனஸ் 200 டிகிரியை ஒட்டிய குளிரில் வைத்திருந்தது. இந்தக் குளிரிலேயே வேலை செய்யும் மீக்கடத்திகள் 1987-ல் வெளிவந்தபோது, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் வேதியியலாளர் சி.என்.ஆர். ராவின் குழுவும் அதே ஆண்டில் அவற்றை ஆராய்ந்தது.

என்னை மயக்குவது வேறொன்று. கேபிளுக்குள் மெல்லிய நாடாக்களை அடுக்கடுக்காகச் சுற்றியிருப்பார்கள். செம்பில் மின்சாரம் தடையைப் பார்த்துப் பிரியும். இங்கே தடையே இல்லையே, எதைப் பார்த்துப் பிரியும்? காந்தப்புலத்தைப் பார்த்து. எல்லா அடுக்கையும் ஒரே சாய்வில் சுற்றினால், மாறுதிசை மின்சாரம் வெளி அடுக்குகளில் போய் நெரிகிறது. உள் அடுக்குகள் சும்மா கிடக்க, வெளி நாடாக்கள் தாங்கும் எல்லையைத் தாண்டிச் சூடேறுகின்றன. எங்கள் ஊரில் கிணற்றுக் கயிறு திரிப்பவர் எல்லாப் புரியையும் ஒரே இறுக்கத்தில் வைக்கப் படாதபாடு படுவார். ஒரு புரி தனியாகப் பாரம் வாங்கினால் முதலில் அதுதான் அறும். பொறியாளர்கள் செய்வதும் அதுவே. ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு சாய்வு, சிலவற்றை இடமாக, சிலவற்றை வலமாகச் சுற்றுகிறார்கள். வால்வு இல்லை, சுவிட்சு இல்லை. சுற்றும் கோணமே மின்சாரத்தைச் சமமாகப் பங்கிடுகிறது!

குறுக்குச்சுற்று நேர்ந்தால்? அளவு மீறிய மின்சாரம் பாய்ந்ததும் மீக்கடத்தி தன் குணத்தை இழந்து தானாகவே தடையாகிவிடும். எஸ்ஸனில் கேபிளைக் காக்கும் கருவி இப்படித்தான் இயங்கியது.

சரி, ஆஸ்டின் டவுனுக்கு வருமா? குறைந்த வோல்ட்டிலேயே நிறைய மின்சாரம் வந்துவிடுவதால், துணைமின் நிலையம் கட்ட இடமே இல்லாத நெரிசலான பகுதிகளுக்கு இது பொருத்தமானதுதான். ஆனால் நாடாவின் சாய்வைக்கூட அளந்து சுற்ற வேண்டிய கேபிள் இது. நாமோ சாதாரணக் கம்பியையே கவனிப்பதில்லை. 2023 நவம்பரில் பெங்களூரின் காடுகோடி நடைபாதையில் அறுந்து கிடந்த கம்பியை மிதித்து ஒரு தாயும் கைக்குழந்தையும் இறந்தார்கள். எந்தப் புதுக் கேபிளும் அந்த அலட்சியத்தைச் சரிசெய்யாது. உங்கள் தெருவில் கம்பி தொங்கினாலோ, கேபிள் வெளியே தெரிந்தாலோ அருகே போகாதீர்கள், பிறரையும் விடாதீர்கள்; உடனே 1912-ஐ அழைத்துச் சொல்லுங்கள்.